நெடுஞ்சாலை 744-இல் குறிலும் நெடிலும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்தத் தூரத்துக்குள் ஒலிக்கும் ஹாரன்களின் இலக்கணத்தை உரையாசிரியர்களான இளம்பூரணரும் தொடவில்லை, நச்சினார்க்கினியரும் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குறையை நிரப்ப, டீக்கடை பெஞ்சில் அமர்ந்து ஓர் ஆய்வாளர் செய்த களப்பணியின் சுருக்கம் இது.

குறிலுக்கு மாத்திரை ஒன்று. மொபெட்டில் வாழைத்தார் கட்டி வருபவர் எழுப்பும் ‘பிப்’ இவ்வகை. ‘நானும் இருக்கேன்’ என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. நெடில் காருக்கு உரியது. ‘ஓரம் போங்க’ என்று பொருள். பேருந்து அடிப்பதோ அளபெடை. இலக்கணம் அளபெடைக்கு மூன்று மாத்திரைதான் தரும். ஓட்டுநர் முன்னால் போகும் வண்டி ஒதுங்கும்வரை தருவார். ராகம் பாடும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவைக்கு 1,000 ரூபாய் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு. தேவை எது என்பதில்தான் உரை வேறுபாடு.

ஒளியிலும் வட்டார வழக்கு உண்டு. எதிரே வரும் வண்டி லைட் அடித்தால், பிரிட்டனில் பலரும் ‘நீங்க போங்க’ என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அதற்கு ‘நான் நிக்க மாட்டேன், நீ நில்லு’ என்று பொருள். லண்டன்வாசி ஒருவர் ஆண்டாளைச் சேவிக்க வாடகைக் காரை ஓட்டி வருவதாக இருந்தால், இந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துவிட்டு வருவது நல்லது. நாலு பக்கமும் லைட் மின்னினால் நேரே போகிறார்கள் என்று அர்த்தம். பால்கோவா கடை எதிரில் முதலில் பிரேக், பிறகு இண்டிகேட்டர்.

சட்டமும் சாலையோடு நிறம் மாறும். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் புளியரைக்கு இந்தப் பக்கம் அபராதம் 1,000 ரூபாய். மலை தாண்டி ஆரியங்காவில் 500. சாலையும் ஒன்று, தலையும் ஒன்று. சமரசத் தொகை எவ்வளவு என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்ய அதே சட்டத்தின் 200-ஆம் பிரிவு இடம் தருவதால் வந்த வினை. 2019-இல் கேரளம் குறைத்தது. 2022-இல் தமிழ்நாடு ஏற்றியது. மாவட்ட நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் தலைகள் காற்று வாங்குவது குறையவில்லை.

இத்தனை விதிக்கும் கட்டுப்படாத வாகனம் ஒன்று உண்டு. ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர். ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. எஞ்சின் வடம் பிடிப்பவர்களின் தோளில் இருக்கிறது. பிரேக் ஒன்று வண்டிக்கு வெளியேயும் உண்டு; அது சக்கரத்தின் ஓரமாகவே நடந்துவரும் ஒருவர் கையில் கட்டையாக இருக்கிறது. சக்கரம் உருண்டு வரும்போது அவர் கட்டையை அடியில் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் அந்தக் கணத்துக்கு மாத்திரைக் கணக்கு இல்லை. அன்றைக்கு ரத வீதியில் அளபெடை செல்லாது.

ஒரு புதிர் மட்டும் மிச்சம். விடியற்காலை நாலரை மணி. சாலையில் ஆளில்லை, மாடில்லை, நாய்கூட இல்லை. ஒரு லோடு ஆட்டோ இரண்டு நெடில் கொடுத்துவிட்டு டீக்கடையில் வந்து நின்றது. யாருக்காக அடித்தார் என்று ஆய்வாளர் விசாரித்தார்.

“யாருக்குமில்ல அண்ணாச்சி, சும்மாதான்.”

அசைநிலை என்று குறிப்பேட்டில் ஏறியது.