சாம்பிள் கோணல்

என் மகள் பி.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் என் மளிகைக் கடைக்குள் நிற்க இடமில்லை. ஒருவரும் அரிசி வாங்கவில்லை. எல்லாரும் அபிப்பிராயம் கொடுக்க வந்தவர்கள்.

"வீடு வீடாப் போயி எத்தன பேரு, கக்கூஸ் உண்டான்னு எழுதுவாவல்லா, அந்தச் சோலியா மக்ளே?" என்றார் பெரியம்மா. பக்கத்துக் கடை அண்ணாச்சி நர்சிங் என்றார். கேரளத்தில் அதைச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மகள் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். பதினொரு பேரில் எட்டு பேர் நர்சிங். "ஆனா சாம்பிள் கோணல்ப்பா. எட்டுல அஞ்சு பேரு வீட்டுல நர்ஸ் உண்டு."

திட்டமெல்லாம் அவளிடம் தயார். பாளையத்தில் யுனிவர்சிட்டி காலேஜ். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பாடம் நடத்திய இடம். 2024 முதல் இங்கே நாலு வருஷப் படிப்பு. மூன்றாம் வருஷமே பட்டத்தோடு இறங்கிக்கொள்ளலாம், நாலாவதும் உட்கார்ந்தால் ஆனர்ஸ். பிறகு காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.எஸ்ஸி. யு. சிவராமன் நாயர் தலைமையில் 1945-லேயே தொடங்கிய துறையாம். கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கும் நுழைவுத் தேர்வு எழுதுவாளாம். ரயிலில் எத்தனை ராத்திரி என்று அவள் அம்மா கேட்டாள். கொல்கத்தா அத்தோடு நின்றது.

அப்போதுதான் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து மச்சினன் இறங்கினான். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த நாளிலிருந்து அவனுக்கு எங்கள் மேல் பாசம் அதிகம். கேரள அரசு 1967-ல் லாட்டரி தொடங்கியபோது டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000 என்பதைக் குலப்பெருமை போலச் சொல்வான்.

"மாமா, 2022 ஓணம் பம்பர்ல அறுபது லட்சம் டிக்கெட்டுக்கு மேல வித்துது. முதல் பரிசு ஒண்ணே ஒண்ணு" என்றாள் மகள்.

"அந்த 25 கோடி ஆருக்கு விழுந்து? இந்த ஊரு ஆட்டோக்காரருக்கு. அவரு ஸ்டாட்டிஸ்டிக்ஸா படிச்சாரு?"

கடையே சிரித்தது. கணக்கில் பிழையில்லாதவள் பேச்சிழந்து நின்றாள்.

அவன் இரங்கினான். "செரி, படி மக்ளே. ஏழுல முடியுத டிக்கெட் வாங்கட்டா, எட்டுல முடியுததா?"

"ரெண்டுக்கும் ஒரே வாய்ப்புதான் மாமா."

"இதச் சொல்லவா நாலு வருஷம்?"

மணி மூன்றாகப் போகிறது, குலுக்கல் நேரம். அவன் ஓடினான். மகள் நோட்டைத் திறந்து பன்னிரண்டாவது ஆளாக அவனையும் சேர்த்தாள். எந்தக் கட்டத்தில் என்று மட்டும் எனக்குக் காட்டவில்லை.