ஒற்றையடிப் பாதையில் மணிச்சத்தம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் வாடகை சைக்கிள் மணிக்கு ஐம்பது பைசா. கடைக்காரர் நோட்டில் பேரும் நேரமும் எழுதிக்கொண்டு, வண்டியைக் கையில் கொடுக்கும் முன் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். பிரேக் பிடிக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெல் மட்டும் அவர் பொறுப்பு. “முக்குல திரும்பும்போது மறக்காம அடிக்கணும்டே” என்பார்.

1992இல் படிப்புக்காகக் கொலராடோ மாநிலத்தின் போல்டருக்கு வந்தேன். இன்றைக்கும் லட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் ஊர். மேற்குப் பக்கம் ஃபிளாட்டயர்ன்ஸ் பாறைகள் சுவர் வைத்தாற்போல நிற்கும். முதல் கோடையிலேயே பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். இரும்பு ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், ரிம்மைக் கவ்வும் பிரேக். குலுக்கலைத் தாங்கிக்கொள்ள முன்னாலும் ஒன்றும் கிடையாது, பின்னாலும் கிடையாது. பெல் இல்லை. கடையில் கேட்டேன். அது குழந்தைகள் வண்டிக்குத்தான் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

இந்த ஊர் மக்கள் திறந்தவெளி நிலங்களை வாங்கிக் காப்பாற்றுவதற்காக 1967இலேயே தங்கள்மேல் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டவர்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் இதுதான். மவுண்டன் பைக் பெருகிய 1980களில், மலையடிவாரப் பாதைகளில் பெரும்பாலானவற்றை அதே நகரம் சைக்கிளுக்கு மூடிவிட்டது. மேசா டிரெயிலில் இன்றும் சைக்கிள் ஏறக் கூடாது. 1988இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கம் பிறகு தலைமை அலுவலகத்தை வைத்துக்கொண்டதும் போல்டரில்தான். ஊர் ஊராகப் போய்ப் பாதை போடக் கற்றுக்கொடுத்த சங்கத்தின் சொந்த ஊரில், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலை பூட்டியே கிடந்தது. அன்று இதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அதனால் பெட்டாசோவுக்குப் போவோம். ஊரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர். பெட்டாசோ குடும்பத்தின் மாட்டுப் பண்ணையாக இருந்த நிலத்தை 1976இல் கவுண்டி வாங்கியது. ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரு வளையப் பாதை. முக்கால்வாசியும் ஒற்றையடிப் பாதை. அந்தச் சொல்லை நான் இங்கே வந்துதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். ஒருவர் போகத்தான் அதில் இடம். எதிரே ஆள் வந்தால் இருவரில் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். பாண்டரோசா பைன் மரங்களின் செம்மண் நிறப் பட்டை பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெயில் ஏறிய பிறகு அந்த இடுக்கில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம் அடிக்கும்.

1994 செப்டம்பரில் ஒருநாள் அந்த வளையத்தின் இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தேன். பாறையைச் சுற்றி ஒரு திருப்பம். திரும்பினால் எதிரே குதிரை. மேலே அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். பின் பிரேக்கை மட்டும் அழுத்தியதில் சக்கரம் பூட்டிக்கொண்டு சரளையில் சறுக்கியது. குதிரை பின்வாங்கியது, அதன் பின்னங்கால் ஒன்று பாதையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. கற்கள் உருண்டு கீழே போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்த அம்மாள் பதறாமல் கடிவாளத்தைத் தளர்த்தினார். குதிரை தானாகக் காலை மேலே எடுத்து வைத்தது. அதற்குப் பிறகுதான் அவர் இறங்கினார். குதிரையின் கழுத்தில் வைத்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டவில்லை. “வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே” என்றார். எங்கள் கடைக்காரர் சொன்னதும் அதேதான்.

இத்தனைக்கும் விதி எல்லா நுழைவாயிலிலும் எழுதித் தொங்குகிறது. குதிரை, நடப்பவர், சைக்கிள் என்று மூன்று படம் போட்ட முக்கோணப் பலகை. சைக்கிள் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். ஏன் என்பதைத்தான் பலகை சொல்வதில்லை. குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. சத்தமில்லாமல் விரைந்து வருவதும், மேட்டில் நின்று பார்ப்பதும் அதன் கண்ணுக்கு வேட்டை மிருகம். ஆகவே நிற்க வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்க வேண்டும், முக்கியமாகப் பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டால் அதற்குப் பாதி பயம் போய்விடும்.

அடுத்த வசந்தத்தில் பாதை பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்தேன். ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல்வரிசை உள்ள மெக்லியட் என்ற கருவியைக் கொடுத்தார்கள். பாதையைச் சரிவின் வெளிப்பக்கமாக நூற்றுக்கு ஐந்து அளவு சாய்த்துச் செதுக்க வேண்டும், தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிட வேண்டும் என்று விளக்கினார்கள். எங்கள் ஊரில் இதற்கு ‘வாட்டம் பார்ப்பது’ என்று பெயர். மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் செய்வது. இன்னொன்றும் கற்றேன்: பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். சேற்றை ஒதுக்கிச் சுற்றிப் போகிறவர்கள் பாதையை அகலமாக்குகிறார்கள். பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குகிறவர்கள் வாய்க்கால் வெட்டுகிறார்கள். அன்று நான் சறுக்கிய திருப்பத்தை நானே குனிந்து கொத்தி, மண் போட்டு மிதித்தேன். பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தவர் சைக்கிளே ஆகாது என்று பல வருடம் வாதாடிய ஒரு நடைக்காரர். மத்தியானம் என் எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவருக்குப் போனது.

பெட்டாசோவில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் சைக்கிள் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. மற்ற நாட்களில் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்றும் பலகை போட்டிருக்கும். உழைப்பவனுக்குக் கிடைக்கும் சனிக்கிழமையைப் பறிக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று காரசாரமாகப் பேசியிருக்கிறேன். கைதட்டுகூடக் கிடைத்தது.

இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு என் மனைவிக்குச் சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பெட்டாசோவுக்கு அழைத்துப்போனேன். பாதி தூரத்தில் நின்று பைன் பட்டையில் மூக்கை வைத்தாள். “ஏங்க, பாயசத்துக்கு வாசம் போட்ட மாதிரி இருக்குங்க” என்றாள். வேறு நாளாக இருந்தால் தடியை ஊன்றிக்கொண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்திருப்பாள். அன்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எந்த விதியை எதிர்த்துப் பேசினேனோ அந்த விதிதான் அவளை அந்த மரத்தடியில் நிம்மதியாக நிற்க வைத்தது. வாரத்துக்கு இரண்டே நாள். நியாயமான பங்கு என்றுதான் இப்போது நினைக்கிறேன், அந்தக் கூட்டத்தில் என்னோடு கைதட்டியவர்களிடமும் சொல்கிறேன்.

இப்போது வண்டிகள் மாறிவிட்டன. 29 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக், ஓட்டிக்கொண்டே இறக்கி ஏற்றும் சீட். நான் தத்தித் தத்தி இறங்கிய கல்லை இன்றைய பையன்கள் நீர்போல வழிந்து கடக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வேகம் கூடக் கூடத் திருப்பம் கிட்டத்தில் வந்துவிடுகிறது. அதோடு நடப்பவர் காதிலும் ஓட்டுபவர் காதிலும் இயர்போன். அதைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஒரே ஆறுதல், கடைகளில் பெல் திரும்ப வந்துவிட்டது. ஹேண்டில்பாரில் மாட்டினால் குலுக்கலிலேயே கிணுகிணுக்கும். தேவையில்லாதபோது விரலால் ஒரு நெம்பு நெம்பினால் அடங்கும். இறக்கத்துக்கு முன்னால் அந்த நெம்பைத் தள்ளிவிடுகிறார்கள். கீழே வருகிறவர்களுக்கு மணிச்சத்தம் முதலில் வந்து சேர்கிறது, வண்டி பிறகுதான்.

போன ஞாயிறு அதே பாறைத் திருப்பத்துக்கு முன் பெல்லைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு இறங்கினேன். மேலே ஒரு குதிரை வந்துகொண்டிருந்தது, ஓட்டி வந்தது பள்ளிக்கூடம் படிக்கும் பெண். வண்டியைச் சரிவின் கீழ்ப்பக்கம் சாய்த்துவிட்டு, “வாடா கண்ணு, ஒண்ணுமில்ல, மெதுவா வா” என்று தமிழில் பேசிக்கொண்டே நின்றேன். குதிரை நடையை நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்ததும் அதன் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. என்னைத் தாண்டிப் பத்தடி போகும்வரை அந்தக் காது அப்படியே இருந்தது.