காதுக்கு மட்டும் பதினாறு மடங்கு வேகம்

நேற்று இரவு டிஜிட்டல் சிற்பப் பயிற்சி வீடியோ ஒன்றில் ஒரு மனிதர் மூக்கு செய்வதை நாற்பது நிமிடம் காட்டினார். நுனி, இறக்கை, நாசித்துவாரத்தின் உள்மடிப்பு, அதற்கு எந்த பிரஷ், பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டும், வெளிச்சத்தை எந்தப் பக்கம் திருப்பினால் கோணல் தெரியும் என்று ஒன்றையும் விடவில்லை. நானும் என் மொட்டைத் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் இழுத்ததை இழுத்து, தேய்த்ததைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அடுத்து காது. "காதும் இதே மாதிரிதான்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்னணி இசை ஆரம்பித்துவிட்டது. வீடியோ பதினாறு மடங்கு வேகத்தில் பறந்தது. மண்டையின் பக்கவாட்டில் என்னவோ துடித்தது. இசை நின்றபோது அங்கே ஒரு முழுக் காது முளைத்திருந்தது. "இப்போது கழுத்துக்குப் போகலாம்."

எதே மாதிரி? மூக்கு மாதிரியா?

இவர் ஒருவர் என்றால் போனால் போகிறது. எல்லாரும் இப்படித்தான். ஒருவர் "நேரம் கருதி காதை முன்பே முடித்து வைத்துவிட்டேன்" என்பார். அந்த நேரக் கருத்து அவருக்கு மூக்கில் ஏன் வரவில்லை? இன்னொருவர் இசட்பிரஷ்ஷில் தயாராகக் கிடைக்கும் காதை எடுத்து மண்டையில் ஒட்டிவிட்டு, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உதட்டுக்குப் போய்விடுவார். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர் "காதுக்குத் தனி வீடியோ போடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பார். அந்த வீடியோ வராது.

நான் எழுத உட்கார்ந்தது இதைப் பற்றி அல்ல. டிஜிட்டல் சிற்பம் பழகுகிறவர்கள் எந்தப் பாத்திரத்தில் தொடங்க வேண்டும், எந்த வரிசையில் முன்னேற வேண்டும் என்று உருப்படியாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான். அதற்கு வருகிறேன். காதை முடித்துவிட்டு வருகிறேன்.

வெளியே ஒரு வளையம். அது சுற்றி வந்து, பாதியில் மனம் மாறி, நடுக்குழிக்குள் நுழைந்து காணாமல் போகிறது. அதற்கு உள்ளே இன்னொரு மேடு. மேலே போய் இரண்டாகக் கிளை பிரிகிறது. ஏன் பிரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. முன்னால் ஒரு குட்டிக் கதவு, கீழே மடல். இவ்வளவும் புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், லேசாகப் பின்னால் சாய்ந்து இருக்க வேண்டும். சாய்வு கொஞ்சம் பிசகினால் நல்ல மனிதன் பானைக்குக் கைப்பிடி வைத்தவன் ஆகிவிடுகிறான். பிளெண்டரில் கண்ட்ரோலும் ஆரும் அழுத்தி ரீமெஷ் செய்தால் காதின் மெல்லிய இடம் கிழிந்து ஓட்டை விழும். சரி, வாக்ஸல் அளவைக் குறைப்போம் என்றால் கம்ப்யூட்டரின் விசிறி அலறும். மல்டிரெஸ் வழியில் ஏறினால் படிக்குப் படி முகங்கள் நான்கு மடங்கு. ஆறே முகமுள்ள கனசதுரத்தில் தொடங்கிப் பத்துப் படி ஏறிப் பாருங்கள்: 62,91,456. இத்தனையும் மூக்குக்குத் தேவையில்லை.

(அதே பிளெண்டரில் சுசான் என்றொரு குரங்குத் தலை 2002-லிருந்து சும்மா கிடைக்கிறது. மொத்தமே 500 முகங்கள். இரண்டு காதும் ஒழுங்காக இருக்கின்றன. குரங்குக்குத்தான் யோகம்.)

"ரெஃபரன்ஸ் பாருங்கள்" என்பார்கள். பார்த்தேன். பியூர்ரெஃப்பில் காதுகளாகச் சேர்த்து வைத்ததோடு நிற்கவில்லை, ஊரில் உள்ளவர்கள் காதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காது நெருப்புச் சுடர் மாதிரி மேலே கூர்மையாக இருந்தது. அவர் இறங்கும்வரை என் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. சலூனில் முடிவெட்டுகிறவர் பின்னால் கண்ணாடி பிடித்து "போதுமா சார்?" என்று கேட்டால் நான் முடியைப் பார்ப்பதில்லை. அத்தை ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "என்னடா, வந்ததுலேருந்து கம்மலையே பாத்துட்டு இருக்க? பழசுடா. உன் மாமா தலைதீபாவளிக்கு எடுத்தது." கம்மலைப் பார்க்கவில்லை அத்தை, கம்மலுக்கு மேலே பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

இதில் நான் முதல் ஆள் இல்லை என்பது ஒரு ஆறுதல். தாமஸ் வூல்னர் என்ற ஆங்கிலேயச் சிற்பி கூர்க்காது வைத்த ஒரு குறும்புக்காரப் பாத்திரத்தைச் செய்வதற்காகக் குரங்குகளின் காதைப் பார்த்தார். பிறகு மனிதர்களின் காதைப் பார்த்தார். நம்மில் சிலருக்கு வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. டார்வினிடம் சொன்னார், டார்வின் அதை 1871-இல் தன் புத்தகத்தில் சேர்த்து, குரங்குக் கூட்டத்தோடு நமக்குள்ள உறவுக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார். சிற்பத்துக்கு ரெஃபரன்ஸ் பார்த்த ஒரு மனிதர் அறிவியலுக்கே பங்களித்திருக்கிறார். பஸ்ஸில் நாம் பார்த்தால் முறைக்கிறார்கள்.

ஆனால் ஜியோவன்னி மொரெல்லியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியர், மருத்துவம் படித்தவர். பழைய ஓவியத்தை யார் வரைந்தது என்று சந்தேகம் வந்தால் முகத்தைவிடக் காதையும் விரல் நகத்தையும் நம்புவார். முகம் வரையும்போது ஓவியன் உஷாராக இருப்பான். காதுக்கு வந்ததும் கை தன் பழக்கத்துக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அவர் என் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் ஒரு நொடி போதும். என்றைக்கோ தெய்வாதீனமாக ஒரு காது சரியாக வந்தது. அன்றிலிருந்து மல்லன், மந்திரவாதி, தொட்டில் குழந்தை, தடியூன்றிய கிழவி, எல்லார் மண்டையிலும் அதே காதுதான். சிரிக்காதீர்கள், உங்கள் ஃபோல்டரிலும் இதுதான் கதை. கிழவிக்காவது மாற்றியிருக்க வேண்டும். ஹீத்கோட் என்ற ஆங்கிலேய டாக்டர் கிழவர்களுக்கு ஏன் பெரிய காது என்று அளந்தே பார்த்து 1995-இல் கட்டுரை எழுதினார்: ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர். ஐம்பது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வருகிறது. இந்த வேலைக்கு 2017-இல் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். கிழவியின் காதை ஸ்கேல் செய்து பார்த்தேன். மல்லனுடைய காது பெரிதாகியது, அவ்வளவுதான்.

நகல் எடுக்க வெட்கப்படுகிறவர்களுக்கு ஹெல்மெட் இருக்கிறது. ஆர்ட்ஸ்டேஷனில் முக்காடு போட்ட கொலைகாரர்களும் இரும்புத் தொப்பி போட்ட வீரர்களும் ஏன் இப்படிக் குவிந்து கிடக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? பாதிப் பேர் எதிரிக்குப் பயந்து தொப்பி போடவில்லை. நீளமுடி இளவரசி வேண்டாம். காதிலிருந்து தப்பி முடியில் மாட்டிக்கொள்வீர்கள். எல்ஃப் செய்தால் நீட்டி இழுத்துவிடலாம் என்று என்னிடமும் சொன்னார்கள். நீட்டினால் உள்ளே இருக்கும் அந்தக் கிளைவிட்ட மேடும் சேர்ந்து நீள்கிறது.

சரி, எந்தப் பாத்திரத்தில் தொடங்குவது என்று சொல்ல வந்தேன் அல்லவா? நான் இன்று காலை ஆக்டோபஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குக் காது மடல் கிடையாது, மூக்கு கிடையாது, எலும்பே கிடையாது. ஸ்னேக் ஹூக் பிரஷ்ஷைப் பிடித்து எட்டு இழுப்பு இழுத்தால் கை தயார். பசிபிக் கடலின் ராட்சத ஆக்டோபஸ்ஸாகவே செய்துவிடலாம் என்று ரெஃபரன்ஸ் பார்த்தேன். பெண்ணுக்கு ஒரு கைக்குச் சுமார் 280 உறிஞ்சிகள், எட்டுக் கைக்கு 2,240. ஆணுக்கு வலப்பக்கத்து மூன்றாவது கையில் மட்டும் ஒரு நூறு குறைவாம். ஆண் ஆக்டோபஸ்தான் செய்யப்போகிறேன்.