திங்களுக்கு ஒரு வக்காலத்து

கே: திங்கட்கிழமைக்கு ஏன் இத்தனை கெட்ட பெயர்?
- ஒரு வாசகர், தம்போய்

ப: ஜொகூர்க்காரர் கேட்கலாமா? 2014 முதல் 2024 வரை உங்கள் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனிதானே விடுமுறை! அப்போது ஞாயிறு வாங்கிய திட்டு, 2025 ஜனவரியில் திங்களுக்கு மாறிவிட்டது.

விடுமுறைக்கு மறுநாளாக வருவது திங்களின் குற்றமல்ல; கிழமை வரிசை பழைய வானியல் கணக்கு. சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என மிக மெதுவாக நகர்வதில் தொடங்கி அடுக்கி, மணிக்கொருவர் ஆட்சி என்றார்கள். முதல் மணிக்காரர் பெயரே அன்றைய கிழமை. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே மறுநாள் மூன்று இடம் தள்ளி, சனிக்குப்பின் ஞாயிறு. இன்னும் மூன்று தள்ளினால் திங்கள்.

திட்டுவதானால் வகுத்தல் கணக்கைத் திட்டுங்கள், பள்ளியிலேயே பழகியதுதானே!