ஏலம் பார்ப்பவர்

தெருவில் எந்த வீட்டுச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டப்போகிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். பேப்பரில் பொடி எழுத்தில் வரும் ஏல அறிவிப்புகளைக் கத்தரித்து, ஊர்வாரியாக ஃபைல் போட்டு வைத்திருப்பார்.

கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்தில் இலை கிடைத்தால் தீர்ந்தது. ரசம் வருவதற்குள் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் பரிமாறப்பட்டுவிடும். கடன்காரருக்கு 60 நாள் நோட்டீஸ். அப்புறம் சுவாதீனம். அப்புறம் ஏலம். ஜெயித்தால், முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றைக்கோ மறு வேலைநாளுக்குள்ளோ கட்ட வேண்டும். மீதிக்குப் பதினைந்து நாள். தவறினால் கட்டியது போச்சு. 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று பாயசத்தை உறிஞ்சுவார்.

“எண்பது லட்சம் போற வீடு தம்பி, அம்பத்தஞ்சுக்கு விடறான். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

கண்ணை மூடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திறந்தால் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளபடி’ என்ற வரி தெரிந்துவிடும். வீட்டு வரி பாக்கி, கரண்ட் பில், மொட்டை மாடியில் பங்கு கேட்கும் சித்தப்பா மகன் எல்லாம் அந்த ‘உள்ளபடி’யில் அடக்கம்.

இன்னொருத்தர் வீடு போனால்தானே உங்களுக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள், அசரமாட்டார். “கடன் போக மிச்சம் இருந்தா பார்ட்டிக்கே திருப்பித் தரணும்னு சட்டம் இருக்கு.” உண்மைதான். அப்படி மிச்சம் வாங்கிய பார்ட்டி ஒருவரைக் காட்டுங்கள் என்றால் மோர் கேட்பார்.

இவரும் ஆவடிக்கு அப்பால் ஒரு வீடு எடுத்திருக்கிறார். விற்பனைச் சான்றிதழ் இவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில். வங்கி கொடுத்தது ‘சிம்பாலிக் பொசஷன்’. அதாவது சுவரில் நோட்டீஸை ஒட்டிவிட்டு, வீட்டை எடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்வது. ஆளை வெளியேற்றிச் சாவி வாங்க வங்கி கலெக்டரிடம் மனுப் போட்டிருக்கிறது. கடன்காரரோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறார். அவர் வைத்துவிட்டுப் போன குடித்தனக்காரர் உள்ளே நிம்மதியாக இருக்கிறார். இவர் வாடகை வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பிப் போய், எதிர் டீக்கடையில் நின்று தன் சொத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

போன வாரம், ‘இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது’ என்று கேட்டைத் தட்டியிருக்கிறார். குடித்தனக்காரர் ஓடிவந்து கும்பிட்டார். “வாங்க சார், நீங்கதானே இப்ப ஓனர்? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். மோட்டார் காயில் போயிடுச்சு. குழந்தை குட்டியோட தண்ணியில்லாமக் கிடக்கிறோம்.”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் ஓனர் என்று கூப்பிட்டிருக்கிறார். காயில் கட்டுபவரை இவரே போய் அழைத்து வந்தார், பணமும் கொடுத்தார்.

இருட்டின பிறகு வீடு திரும்பினால், மனைவி வாசலிலேயே நிற்கிறார். “என்னங்க ஆச்சு? காலி பண்றாங்களாமா?”

“தண்ணி நல்லா வருது” என்றார் இவர்.