பேராண்டி கலர் பாக்குறான்

ஏலே பேராண்டி, இங்க வா. அந்த ஷேட் கார்டைத் தூக்கிக்கிட்டுச் சன்னலுக்கும் கதவுக்கும் எம்புட்டு நேரந்தான் நடப்ப? பொண்ணு பாக்கப் போனப்ப, தட்டுல இருந்த கேசரி தீருமுன்னே சரின்னு தலையாட்டுன பய நீ.

ஒண்ணு ஐவரி, இன்னொண்ணு க்ரீமாக்கும்? புரை எடுத்த என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒங் கண்ணுக்கும் ஒண்ணுதான். ஒத்துக்கத்தான் மனசு வரல.

சரி, கேட்டதுக்குச் சொல்லுறேன். தீப்பெட்டி அகலத் துண்டைப் பாத்து ஒரு ரூமுக்குக் கலர் எடுக்காத. ரெண்டுலயும் சின்ன டப்பா வாங்கி, கை விரிச்ச அகலத்துக்கு ரெண்டு கோட்டு அடிச்சுப் பாரு. இப்ப இருக்குறது நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவரு. அதுமேல எதை அடிச்சாலும் மஞ்சளாத்தான் தெரியும். சுத்தி வெள்ளை பிரைமர் இழுத்துக்க. காயட்டும், ஈரத்துல பாத்து ஏமாறாத.

காலையில ஒருக்கா, உச்சியில ஒருக்கா, வெளக்கு வச்சபெறகு ஒருக்கா பாரு. பல்பு அட்டையில 6500 கே-னு போட்டிருந்தா, க்ரீமும் வெளுத்து நிக்கும். 3000-னா ஐவரியே மஞ்சக் குளிச்சிரும். நம்ம ரெட் ஆக்சைடு தரையும் வெயில் பட்டாச் சுவத்துல ஏறி ஒக்காந்துக்கும். வெளிச்சம் எடுக்குற முடிவுக்கு நீ எதுக்குடா தூக்கம் முழிக்குற?

அட்டைக்குப் பின்னால எல்.ஆர்.வி.-ன்னு நம்பர் இருந்தாப் பாரு. 100 பங்கு வெளிச்சத்துல சுவரு எத்தனையைத் திருப்பிக் குடுக்கும்ங்குற கணக்காம், பெயிண்டர் சொன்னான். ரெண்டுக்கும் ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம்னா, பூவா தலையா போட்டுட்டு வேலையப் பாரு. வாங்குறப்ப அம்புட்டு டப்பாவும் ஒரே பேட்ச் நம்பரா வாங்கு. பத்தலைன்னு பின்னால வேற பேட்ச் வாங்குனா, ஒரே கலரே ரெண்டாத் தெரியும். மறுபடியும் நடக்க ஆரம்பிச்சிருவ.

அதுவும் போக, சுவத்துல பாதிய பீரோ மறைக்கும். டிவி கொஞ்சம் மறைக்கும். மளிகைக்கடைக் காலண்டர் கொஞ்சம் மறைக்கும். மிச்சம் இருக்குறது நான் சாஞ்சு ஒக்காருற எடம். என் தலையில எப்பவும் நல்லெண்ணெய்.

ஒண்ணு செய்வோம். ரெண்டு திட்டுலயும் தலைய ஒருநாள் சாச்சு வைக்கிறேன். எதுல கறை தெரியலையோ, அதை அடி. ஒம் பொண்டாட்டி கேட்டா, ரொம்ப யோசிச்சு நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்க.