பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்

"மகளுக்குத் தலைப்பிரசவம். பொய்வலி எது, மெய்வலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"
(ஒரு தாய், மன்னார்குடி)

எழுந்து நாலு நடை நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிட்டால் பொய்வலி. என்ன செய்தாலும் அடங்காமல், இடுப்பில் கிளம்பி அடிவயிற்றைப் பிடித்து, விட்டுவிட்டு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் மெய்வலி. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலியைச் சோதித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108.

"ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் சிசேரியன் செய்துகொண்டால் என்ன தவறு?"
(வாசகர், ஈரோடு)

பிறந்த நேரத்துக்கு ஜாதகம் எழுதுவதுதான் முறை. ஜாதகத்துக்குத் தோதாகப் பிள்ளையை வெளியே எடுப்பது எந்தச் சாஸ்திரம்? மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்குள் எடுத்தால், நுரையீரல் தயாராகாமல் மூச்சுத் திணறும் ஆபத்து கூடுகிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. தேவைப்பட்ட இடத்தில் சிசேரியன் இரண்டு உயிரைக் காக்கும். அப்போது ராகு காலம் பார்க்கவே கூடாது. தேவையில்லாத இடத்தில் அது வீணாகச் செய்துகொள்ளும் வயிற்று அறுவை.

"எங்கள் வீட்டில் மூத்தவர் கையால் சேனை வைப்பது வழக்கம். ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைத்தால் என்ன ஆகிவிடும்?"
(ஒரு பாட்டி, தேவகோட்டை)

ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டாம் அம்மா. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளையின் குடலிலோ முளைத்து, நஞ்சைக் கக்கி, கை கால்களைத் துவள வைத்துவிடும். அரிதாகத்தான் வரும், வந்தால் மூச்சையே நிறுத்தக்கூடியது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலும் வேண்டாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனாலும் தாய் விழிப்போடு இருந்தால் பிள்ளையை மார்பில் போடலாம். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகச் சுரப்பது சீம்பால். அதைப் பார்த்துத்தான் 'பால் பத்தவில்லை' என்று வீட்டில் புட்டியைத் தேடுகிறார்கள். முதல் நாள் பிள்ளையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கேட்பதே சில மில்லிதான், அதற்குச் சீம்பால் போதும். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் நிறைந்திருக்கிறது. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் சில நாளில் குறைவதும் உண்டு. இரண்டு வாரத்தில் மீண்டுவிடும்.

வழக்கத்தை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. மூத்தவர் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளட்டும், காதில் பேரைச் சொல்லட்டும். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். குணம், வளர்க்கிற மடியிலிருந்து வருகிறது.

"மூன்றாவது நாளே உடம்பெல்லாம் மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்."
(வாசகி, தென்காசி)

வெளிச்சம் மஞ்சளைக் குறைக்கும் என்பதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அவர் அதை மருத்துவர்களிடம் காட்டினார். 1958-இல் ஒளிச் சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் எரியும் நீல விளக்குக்கு மூலம் அந்தச் செவிலியரின் கண்கள்.

ஆனால் அந்த விளக்கின் வேலையை முற்றத்து வெயில் செய்துவிடாது. இரண்டு மூன்று நாளில் வந்து தானே மறையும் மஞ்சள் சாதாரணம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலோ, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும். உங்கள் பிள்ளைக்கு 'உடம்பெல்லாம்' என்கிறீர்கள். இதைப் படித்ததும் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

"பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடுமாமே?"
(வாசகி, ராமநாதபுரம்)

பெருக்காது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. தையல் போட்ட உடம்புக்கு இரண்டும் கொடுமை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை என்று நம் பெண்கள் சமைத்துப் போடுவதெல்லாம் அருமையான சாப்பாடு. பத்தியத்தில் 'இதைக் கொடு' என்று சொல்லும் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். காய் கூடாது, பழம் கூடாது, தண்ணீர் கூடாது என்கிற பாதியை விட்டுவிடுங்கள்.

"மருமகள் மறுபடியும் பெண்ணைப் பெற்றுவிட்டாள்..."
(வாசகர், ஊர் வேண்டாம்)

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. மருமகள் பத்து மாதம் சுமந்து பெற்றுத் தந்திருக்கிறார். சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

"பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருக்கிறது. பிழிந்து பால் எடுக்கச் சொல்கிறார்கள்."
(ஒரு தந்தை, ஆத்தூர்)

தொடவே தொடாதீர்கள். கருப்பையில் தாயிடமிருந்து வந்த ஹார்மோனின் விளைவு அது, தானாக வற்றும். பிழிந்தால் சீழ் பிடிக்கும். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் பட்டாலும் காரணம் அதே ஹார்மோன்தான்.

"பார்க்க வருகிறவர்களிடம் கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்."
(வாசகி, பெரம்பூர்)

கோபித்துக்கொள்ளட்டும். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்துவிட்டுப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். காய்ச்சலில் மடிந்த தாய்மாரின் எண்ணிக்கை சில மாதங்களில் மடமடவென்று சரிந்தது. அன்றும் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தது. சோப்பை வாசலிலேயே வையுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் இன்னொரு நாள் வரட்டும்.

"பிள்ளை நன்றாக இருக்கிறது. ஆனால் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள்."
(ஒரு கணவர், ஓசூர்)

காரணம் இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பின் ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குகின்றன. தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் ரணம், சுற்றி ஆயிரம் அறிவுரை. முதல் வாரத்தில் இப்படி அழுகிற தாய்மார் மிகப் பலர். இரண்டு வாரத்தில் தெளிந்துவிடுவார்கள். அதுவரை இரவில் துணி மாற்றுவதும் ஏப்பம் வரத் தட்டிக்கொடுப்பதும் உங்கள் வேலை, அவர் தூங்கட்டும். 'எல்லாரும்தானே பெற்றுக்கொள்கிறார்கள்' என்று யாரையும் சொல்லவிடாதீர்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் இருள் விலகாவிட்டால் அது மனச்சோர்வு நோய், சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவதாகப் பேசினால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மந்திரிப்பதும் வேப்பிலை அடிப்பதும் இதற்கு மருந்தல்ல.

"பேர் முடிவாகவில்லை. பிறப்பைப் பதியலாமா?"
(வாசகர், காரைக்குடி)

21 நாளுக்குள் பதியுங்கள், கட்டணம் இல்லை. பேரை 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

"வீட்டுக்கு வந்துவிட்டோம். இனிப் பயமில்லையே?"
(வாசகி, விழுப்புரம்)

தாய்மாரின் சாவுக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் பிரசவத்தை ஒட்டிய ரத்தப்போக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால் உடனே ஓடுங்கள். குளிர் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, விடாத தலைவலியோடு கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது எதையும் 'பச்சை உடம்பு அப்படித்தான்' என்று தள்ளாதீர்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு சில்லிட்டாலும் கொதித்தாலும், விலா உள்வாங்க மூச்சு விட்டாலும் அப்படியே.

பிள்ளை பார்க்கப் போகிற எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். தொட்டிலுக்குப் போகும் முன் கட்டிலுக்குப் போங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ரத்தம் எவ்வளவு போகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.